கடுக்காய்க்காரர் தலையாட்டிய படம்

முந்தாநாள் மத்தியானம் இருசாயி கடைக்கு வந்திருந்தாள். எந்த இருசாயி என்று நீ கேட்கமாட்டாய். கல்வராயன் மலையில் கரியாலூர் தாண்டி ஓர் ஊருக்கு நாம் இரண்டு பேரும் ஏறிப் போய், ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டு இறங்கினோமே, அந்தக் கடுக்காய்க்காரரின் மூத்த பெண். படத்தின் வலது ஓரத்தில் தாவணி முனையை வாயில் வைத்துக்கொண்டு நிற்பவள். இப்போது தலை முழுக்க வெள்ளை. மஞ்சள் பையிலிருந்து சட்டம் போட்ட அந்தப் படத்தை எடுத்து என் மேசைமேல் வைத்தாள். கற்பூரமும் அடுப்புப் புகையும் கரையான் மண்ணும் கலந்த ஒரு வாசனை வந்தது. அதற்கும் அடியில் நம் இருட்டறையில் படம் கழுவுகிற ஹைப்போவின் வாசனை இருந்தது போலவும் பட்டது. என் மூக்கை நம்பாதே, அதற்கும் வயசாகிவிட்டது.

படத்தைச் சுத்தம் பண்ணிக் கொடுக்கத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். அவள் பேரனின் செல்போனை நீட்டினாள். பழைய படத்தைக் கொடுத்தால் அதில் இருப்பவர்களை அசைய வைக்கிற வித்தை ஒன்று வந்திருக்கிறதாம். நம்முடைய அதே படம். அவளுடைய அம்மா கண்ணைச் சிமிட்டினாள். அத்தைக்காரி கழுத்தைத் திருப்பி எங்கேயோ பார்த்துச் சிரித்தாள். பதினாறு பதினேழு வயது இருசாயி மூச்சு விட்டாள். நடுவில் நாற்காலியில் இருக்கிற கடுக்காய்க்காரர் மட்டும் அப்படியே இருந்தார். படத்தில் ஆடிக் கலங்கிப்போன அந்த முகத்தை முகம் என்றே செல்போனுக்குத் தெரியவில்லை.

"எல்லாரும் அசையறாங்க, எங்கப்பா மட்டும் குந்திகினே இருக்காரு," என்றாள். "அன்னிக்கு அவரு ஒருத்தர்தானுங்களே அசைஞ்சாரு?"

பயந்துபோய்ச் செல்போனைக் கவிழ்த்து வைத்தேன். உன்னிடம் சொல்ல என்ன வெட்கம்?

பிறகு அவள் வந்த காரியத்தைக் கேட்டாள். "நீங்கதான எடுத்தீங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எங்கப்பாதான் தலைய ஆட்டினாரா, இல்ல யாருனா கைய வெச்சு ஆட்டிட்டாங்களா?"

படத்தை வைத்துவிட்டுப் போ, நாளைக்கு வா, சொல்கிறேன் என்று அனுப்பினேன். என்ன சொல்வது என்று எனக்கே தெரியவில்லை. தெரிந்த ஒருத்தன் நீ. நீ போய்ச் சேர்ந்துவிட்டாய்.

கள்ளக்குறிச்சியில் நாம் சேர்ந்து கடை போட்டபோதே நமக்குள் தகராறு ஆரம்பமாகிவிட்டது. எனக்கு எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். நாற்காலி, பூந்தொட்டி, பின்னால் திரை, முழங்கால்மேல் கை, தாடை கொஞ்சம் மேலே. "அசையாதீங்க" என்று நான் சொன்னால் தெருவில் போகிற மாடுகூட நிற்கும் என்று கேலி பண்ணுவாய். லென்ஸ் மூடியைக் கழற்றி, மனசுக்குள் எண்ணி, மூடி, "முடிஞ்சது" என்பேன். அந்த 'முடிஞ்சது'க்குத்தான் நீ காத்துக்கொண்டிருப்பாய். தோள் தளர்ந்து, வயிறு இறங்கி, பெண்டாட்டி புருஷனைப் பார்த்து முறைக்கிற அந்த நேரத்தில் உன் சின்னக் கேமராவைத் தட்டுவாய். பிலிம் உனக்கு யார் வீட்டுச் சொத்து என்று நான் கத்துவேன்.

"உன் படத்துல எல்லாருக்கும் உன் மூஞ்சிதான்டா இருக்கு," என்பாய். கோபம் வரும். ஆனால் சாப்பாட்டுக்குப் பிறகு ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்தால், நைனார்பாளையத்து மிராசுதாரும் சர்ச்சில் கல்யாணம் பண்ணிய என் தங்கையும் ஒரே மாதிரி விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், என்னைப் போலவே. அதைத்தான் என்னுடைய பாணி என்று நான் சொல்லிக்கொண்டேன். நீயும் உன்னுடையது எது என்று அப்போது கண்டுபிடித்திருக்கவில்லை. வெறும் விளையாட்டுத்தான். அந்த மலைப்படம் வரைக்கும்.

கடுக்காய்க்காரரை நமக்கு முன்னமே தெரியும். மலையிலிருந்து கடுக்காய் மூட்டை இறக்கிக்கொண்டு வருகிற நாளில் நம் கடைக்கு எதிரே டீ குடிப்பார். ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்களேன் என்று நீ கூப்பிட்டால், "அசையாம குந்தச் சொல்லுவீங்களே," என்று தலையை இடமும் வலமுமாக ஆட்டிவிட்டுப் போய்விடுவார். அவர் எதற்கும் வாயால் மாட்டேன் என்று சொல்லிக் கேட்டதில்லை. தலைதான் பேசும். ஒருநாள் காலை அவருடைய மச்சான் ஜீப்போடு வந்து நின்றான். காய்ச்சலில் நேற்று சாயங்காலம் போய்விட்டார், வீட்டில் மாட்ட ஒரு படம்கூடக் கிடையாது, உட்கார வைத்து எடுத்துத் தர வேண்டும் என்றான்.

செத்தவர்களைப் படம் எடுப்பது நமக்குப் புதிது இல்லை. அந்தக் காலத்தில் மாதத்துக்கு ஒன்றாவது வரும். நாற்காலியில் உட்காரவைத்து இடுப்பில் துண்டால் கட்டி, மேலே மாலை. நாற்காலிக்குப் பின்னால் கறுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒருத்தன் குனிந்திருப்பான்; மாலைக்குப் பின்னால், நிழலில் கையை விட்டு ஒரு கையால் பிடரியையும் ஒரு கையால் தோளையும் தாங்கிக்கொள்வான். படத்தில் கம்பளி மட்டும் இருட்டாகத் தெரியும். கண்ணை நாம் பிறகு படத்தில் வரைந்துவிடுவோம். 'கண் திறப்பது' என்று அதற்குப் பெயர். நீதான் திறப்பாய். உன் கை திறந்த கண் நிஜக் கண்ணைவிட நன்றாக இருக்கும். அது உனக்குப் பிடிக்காத வேலை என்பது வேறு விஷயம்.

மலைமேல் அன்றைக்கு மேகம் வாசலுக்குள்ளேயே வந்துவிட்டது. இருபதடி தள்ளி நிற்பவர் முகம் தெரியவில்லை, அழுகை மட்டும் கேட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து நாற்காலி வந்தது. அவரைத் தூக்கி உட்கார வைத்தபோது உடம்பு மடக்கினபடி மடங்கிற்று. இந்நேரம் விறைத்திருக்க வேண்டுமே என்று நீ என் காதில் சொன்னாய். மலைக் குளிருக்கு அப்படித்தான் என்று பக்கத்தில் நின்ற பெரியவர் சொன்னார். அவரே இன்னொன்றும் சொன்னார். ஒரு படம்தான் எடுக்க வேண்டும், செத்தவரை இரண்டாம் முறை எடுத்தால் வீட்டில் இரண்டாவது சாவு விழும். சரி என்றேன். வெளிச்சம் ரொம்பக் கம்மி. நீளமாகத் திறந்து வைத்துத்தான் எடுக்க வேண்டும், யாரும் அசையக் கூடாது என்று எல்லாரிடமும் சொன்னேன்.

நீ பிடரியில் ஒரு கையும் தோளில் ஒரு கையுமாகப் பிடித்துக்கொண்டு கம்பளிக்குள் போனதை என் கண்ணால் பார்த்தேன். நான் என் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக் கண்ணாடியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் பெண்டாட்டி குனிந்து புருஷன் காதில் ஏதோ கேட்டாள். தலைகீழாகத் தெரிகிற கண்ணாடியில் ஒரு பெண் கூரையிலிருந்து தொங்கிக்கொண்டு ரகசியம் பேசுவது போல இருந்தது. நிமிர்ந்தாள். நான் வெளியே வந்து "அசையாதீங்க" என்றேன். மூடியைக் கழற்றினேன். ஒரு குழந்தைகூட அசையவில்லை. அழுகைகூட நின்றுவிட்டது. மூடினேன். முடிஞ்சது.

மறுநாள் இருட்டறையில் சிவப்பு விளக்கடியில் கழுவினோம். நின்றவர்கள் எல்லாரும் கல்வெட்டு மாதிரி பதிந்திருந்தார்கள். நடுவில் இருந்தவருக்கு மட்டும் மூன்று முகம். இடத்தில் ஒன்று, வலத்தில் ஒன்று, நடுவில் ஒன்று. மாலையும் மார்பும் கூர்மையாக இருந்தன. தலை மட்டும் ஆடியிருந்தது.

முதலில் நான் சிரித்தேன். கம்பளிக்குள் உனக்குத் தும்மல் வந்துவிட்டதா என்று கேட்டேன். நீ சிரிக்கவில்லை. படம் கிடந்த தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

"நான் கழுத்த வுட்டுட்டேன்டா," என்றாய். "கழுத்து வெதுவெதுன்னு இருந்துச்சு. பயந்துகினு கைய எடுத்துட்டேன். ரெண்டு தோளயும் புடிச்சிகினேன். தலை தானா நின்னுச்சு."

கம்பளிக்குள் உன் கைச் சூடுதான் உனக்கே பட்டிருக்கும் என்றேன். நீயும் அப்படித்தான் நினைத்தாயாம், அதனால்தான் அங்கேயே வாய் திறக்கவில்லையாம். அப்படியானால் இப்போது ஏன் பேய் அறைந்தவன் மாதிரி நிற்கிறாய் என்றேன். நீ கைகூடக் கழுவாமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாய். மலையில் முதல் நாளே, நாம் இறங்கின கையோடு, புதைத்துவிட்டார்கள். சாயங்காலம் திரும்பி வந்தாய், முழங்கால் இரண்டிலும் செம்மண். "மண்ணுல காத வெச்சிகினு கெடந்தேன்," என்றாய். என்ன கேட்டது என்று கேட்டேன். பசிக்குது, இட்லி வாங்கிக் குடு என்றாய். அதற்கப்புறம் அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. எனக்குப் பயம்.

படத்தை எப்படிக் கொடுப்பது என்று இரண்டு நாள் சண்டை போட்டோம். அத்தைக்காரியின் மூக்கும் இருசாயியின் நெற்றியும் பார்த்து ஒரு முகம் வரைந்து ஒட்டிவிடலாம், ஊரில் யாருக்குத் தெரியப் போகிறது என்றேன். நீ பிரஷ்ஷைத் தொடமாட்டேன் என்றாய். "மூணு மூஞ்சி இருக்குது. எதுல கண்ணத் தொறக்கச் சொல்ற?" அப்படியே கொடு என்று ஒரே பிடிவாதம். கடைசியில் அப்படியேதான் கொண்டுபோனோம். நான் ஏச்சு வாங்கத் தயாராக உன் பின்னால் நின்றேன்.

அவர் மனைவி படத்தை வாங்கி வாசல் வெளிச்சத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தாள். பிறகு நாத்தனார் பக்கம் திரும்பினாள். "பாத்துக்க. உன் தம்பி வேணாம்னுட்டாரு."

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கிற்று. நாத்தனார் தன் மகனுக்கு இருசாயியைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். கடுக்காய்க்காரர் பிடி கொடுக்காமலேயே செத்துப்போனார். மனைவி காதில் குனிந்து கேட்டது அதைத்தான்: பெரியவளை உங்கள் அக்கா வீட்டுக்குக் கொடுத்துவிடட்டுமா? பதில் படத்தில் வந்துவிட்டது. இடமும் வலமும். கல்யாணப் பேச்சு அந்த வாசலிலேயே முறிந்தது. நாத்தனார் நம் இருவர்மேலும் மண்ணை வாரித் தூற்றினாள்.

இறங்குகிற வழியில் உன்னைப் பிடித்துக்கொண்டேன். அந்தம்மா கேட்டது கம்பளிக்குள் உனக்குக் கேட்டதா? கேட்டது என்றாய். பெண் அழுதுகொண்டு நின்றதைப் பார்த்தாய் இல்லையா? பார்த்தேன் என்றாய். அப்படியென்றால் நீதான் ஆட்டினாய், மகராசன், ஒரு பெண்ணைக் காப்பாற்றிவிட்டாய் என்று முதுகில் தட்டினேன். நீ என் கையைத் தள்ளிவிட்டாய். எனக்கு அந்தப் பதில் சௌகரியமாக இருந்தது. நீ ஆட்டியிருந்தால் அவர் செத்தவர். மண்ணுக்குள் இருப்பவர் செத்தவர். நாம் நிம்மதியாகத் தூங்கலாம். சாகிற வரைக்கும் உன்னை 'கல்யாணத்தை நிறுத்தின கை' என்று கேலி பண்ணினேன். சாகிற வரைக்கும் நீ அதே பதிலைச் சொன்னாய். "நீ அசையாதேன்ன. நான் அசையல."

அதற்குப் பிறகு நீ நாற்காலி போட்டு யாரையும் எடுக்கவில்லை. 'அசையாதீங்க' என்கிற வார்த்தையே உன் வாயில் வரவில்லை. சின்னக் கேமராவைத் தூக்கிக்கொண்டு சந்தை, களம், பஸ் கூரை என்று அலைந்தாய். உன் படம் எதிலும் ஏதாவது ஒன்று ஆடியிருக்கும். நெல் தூற்றுகிற முறம், மாட்டின் வால், சிரிக்கிற பெண்ணின் பாதி முகம். கடையில் காட்டினால் கை நடுக்கமா என்று கேட்பார்கள். நானும் கேட்டேன். அசைவு தெரிந்தால்தான் உனக்கு மூச்சு வந்தது என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. உன் படங்களை மேசைமேல் பரப்பி வைத்தால், ஒவ்வொன்றிலும் ஒருவர் உயிரோடுதான் இருக்கிறார் என்று நீ நிச்சயப்படுத்திக்கொண்டு போயிருப்பது தெரியும். மற்றவர்களுக்குப் பாணி எங்கேயிருந்து வருகிறதோ, உனக்கு அந்தக் கழுத்திலிருந்து வந்தது.

இப்போது கல்யாணங்களில், ஆள் கவனிக்காதபோது எடுப்பதற்குக் கேண்டிட் என்று தனியாக ஒரு பெயர் சொல்லிக்கொள்கிறார்கள், தெரியுமா? போன மாதம் திருநாவலூர் கோயில் வாசலில் ஒரு படக்காரர் மாப்பிள்ளையிடம், "எங்களப் பாக்காதீங்க, இயல்பா சிரிங்க, சரியா வரல, இன்னொரு வாட்டி இயல்பா சிரிங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நீ இருந்திருந்தால் விழுந்து புரண்டிருப்பாய். எனக்குத்தான் பக்கத்தில் சிரிக்க ஆளில்லை.

உன் சாவும் ஒரு படம் மாதிரித்தான் ஆயிற்று. திருக்கோவிலூரில் ஆற்றுத் திருவிழாக் கூட்டத்துக்கு நடுவே, படித்துறைச் சுவரில் சாய்ந்து, மடியில் கேமராவோடு உட்கார்ந்திருந்தாய். படத்துக்காகக் காத்துக்கொண்டிருக்கிறாய் என்று காலையிலிருந்து யாரும் கிட்டவே வரவில்லையாம். ஊரே ஆடிக்கொண்டிருந்தபோது நீ ஒருத்தன் அசையவில்லை. உன் வீட்டில் வாக்காளர் அட்டைப் படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள். நேராக விறைத்துக்கொண்டு பார்க்கிறாய், நான் எடுத்த படம் மாதிரி. அதைப் பார்த்துவிட்டு வந்து நான் அழுதேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இருசாயி போனதும் சட்டத்தைக் கழற்றிப் படத்தை ஸ்கேனரில் வைத்தேன். கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, இருட்டான இடங்களுக்கு வெளிச்சம் ஏற்றினேன். கம்பளி மெல்ல மெல்லச் சாம்பல் நிறமாயிற்று. மாலைக்குப் பின்னால், இடது தோளின்மேல், முதலில் நான்கு விரல் வந்தன. நகம் நான்கும் கறுப்பு. டெவலப்பர் கறை ஏறிய உன் நகங்கள். எங்கே இருந்தாலும் எனக்குத் தெரியும். பிறகு வலது தோளைத் திறந்தேன்.

அங்கேயும் நான்கு விரல்.

இரண்டு கையும் தோளில்தான் இருந்தன. பயந்தவன் பிடிக்கிற பிடி. ஒரு விரலில்கூட ஆட்டம் இல்லை, நகத்தின் ஓரம் கத்தியால் சீவினது மாதிரி இருந்தது. இரண்டு கைக்கும் நடுவில் கழுத்து, அதன்மேல் அந்த மூன்று முகம். பிடிக்க யாருமில்லாமல் தானாக நின்ற தலை. நீ சொன்னபடியே.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. கேட்டால் கெட்ட வார்த்தையில் திட்டுவாய். ஆனால் கடையில் தனியாக உட்கார முடியவில்லை. வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன்.

நேற்று இருசாயி வந்தாள். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. அவளாகவே பேசினாள். அந்த அத்தை மகன்மேல் அவளுக்கு ஆசை இருந்ததாம். "அழுதுகினு நின்னேனே, அது எங்கப்பாவுக்கும்தான், அவருக்கும்தான், அப்பா சரின்னு சொல்லாமலே போய்ட்டாரேன்னு. அப்பாவே வேணாம்னுட்டாரு, சரின்னுட்டேன். கட்டிக்கினவரும் நல்லவருதான், கொற சொல்லக் கூடாது. அவரும் போய்ட்டாரு. இப்ப படுத்தா இது ஒண்ணுதான் நெனப்பு. வேற யாருனா வெளையாட்டுக்கு ஆட்டியிருந்தா, நான் இன்னாத்துக்கு இத்தன வருசம்..."

அவள் அழுததைப் பார்த்து நாம் இருவருமே தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறோம். நீயே ஆட்டியிருந்தாலும் அவளுக்கு நன்மை செய்ததாக ஆகியிருக்காது.

கம்ப்யூட்டரைத் திருப்பி அவளுக்கு உன் விரல்களைக் காட்டினேன். பின்னால் பிடித்திருந்தவனின் இரண்டு கையும் இதோ, தோளில். அசையவே இல்லை பார். "யாரும் ஆட்டலம்மா," என்றேன். "நான் அசையாதீங்கன்னு சொன்னேன். உங்கப்பா ஒருத்தர்தான் கேக்கல."

விரலால் திரையைத் தொட்டுப் பார்த்தாள். முகம் தளர்ந்தது, தோள் இறங்கியது. நீ காத்திருந்து தட்டுவாயே, அந்த நேரம். "அவரு எப்பயுமே கேக்கமாட்டாரு," என்று சொல்லி, அந்த வயசிலும் பெண்குழந்தை மாதிரி சிரித்தாள். படத்தை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு மலை பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாள்.

சொன்னது பொய் இல்லை. ஆனால் கழுத்து வெதுவெதுப்பாக இருந்ததை அவளிடம் சொல்லவில்லை. அப்பா பதில் சொல்லிவிட்டுப் போனார் என்பது அவளோடு மலை ஏறிவிட்டது. மற்றது என்னோடு இருக்கிறது. இத்தனை வருஷம் நீ ஒருத்தனாக இதை எப்படித் தூக்கிக்கொண்டு திரிந்தாய்? ராத்திரியெல்லாம் மண்ணில் காதை வைத்த மாதிரியே இருக்கிறது. அன்றைக்கு என்ன கேட்டது என்று நான் வற்புறுத்திக் கேட்டிருக்கலாம். நல்லவேளை, கேட்கவில்லை.

இன்று காலை பென்ஷன்காரர் ஒருவர் வந்தார். உயிரோடு இருப்பதாகக் காட்ட படத்தோடு ஒரு தாள் கொடுக்க வேண்டுமாம். நாற்காலியில் உட்கார்ந்தார். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. வழக்கம்போலப் பின்னால் போய்ப் பிடரியில் கையை வைத்து நிமிர்த்தினேன். கழுத்து வெதுவெதுப்பாக இருந்தது. கையை எடுக்க முடியவில்லை, அப்படியே நின்றுவிட்டேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் சொல்லாமலே மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பாவம்.

"அசையலாமாங்க?" என்று கேட்டார்.

"அசைங்க," என்றேன். "நல்லா அசைங்க."